வடக்குச் சுவர்

கோவேறு கழுதைக்கு நாளொன்றுக்கு இருபது சூ,
எனக்குப் பன்னிரண்டு.
பாரிஸிலிருந்து வந்த பையன் பேரம் பேசவில்லை.
பெயர் தெலார்பர். இருபத்திரண்டு வயதிருக்கும்.
ரோன் ஆற்றுக் கொசு கடித்துக் கழுத்தெல்லாம் தடிப்பு.

மடக்கு நாற்காலி, வெள்ளைக் குடை,
பன்றிச் சிறுநீர்ப்பைகளில் முடிந்த வண்ணங்கள்
எல்லாம் பார்பெத்தின் முதுகில் ஏறின.
"உச்சிக்குத்தானே?" என்றேன்.
"வேண்டாம். கோட்டை தெரிகிற இடம் போதும்."

கோட்டை எங்கிருந்துதான் தெரியாது?
எங்கள் ஊரில் அதன் கண்ணில் படாமல்
மூத்திரம் பெய்யக்கூட இடம் கிடையாது.

ஓடைக்கு இந்தப் பக்கம்
கஷ்கொட்டை மரத்தடியில் குடையை ஊன்றினான்.
காகிதத்தில் முதலில் வானம்.
வானத்தை இத்தனை அவசரமாய்ப் பார்ப்பவர்கள்
வைக்கோல் காயப்போட்டவர்கள்தான்
என்று நினைத்திருந்தேன்.
ஈ ஒன்று வந்து ஈர நீலத்தில் ஒட்டிக்கொண்டது.
நகத்தால் எடுத்தான், ஒரு கால் தங்கிவிட்டது.
பாரிஸில் எவனாவது அதைப் பறவை என்பான்.

பிறகு குன்று.
ஒரே நிறத்தில் வழித்துவிட்டு
அதே நிறத்தைக் கொஞ்சம் அழுக்காக்கிப்
பள்ளங்களைத் தோண்டினான்.
என் கண்ணுக்கு அது ஆட்டு ஈரல்.
சொல்லவில்லை. பன்னிரண்டு சூ.

மூன்றாம் நாள் கோட்டை ஏறியது.
தெற்குக் கோபுரம், சரி.
உடைந்த பல்லாய் வாயில், அதுவும் சரி.
அப்புறம் தூரிகையைத் துடைத்து,
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
வடக்குச் சுவரை எழுப்பினான்.

"அங்கே சுவர் இல்லையே ஐயா."
"தெரியும். பாரம் ஒரு பக்கமாய்ச் சாய்கிறது.
அங்கே ஏதாவது நிற்க வேண்டும்."

பாரம் சாய்வது எனக்குத் தெரியாதா?
இருபது வருடமாய்ப் பொதி கட்டுகிறவன்.
இந்தப் பக்கம் உப்பு மூட்டை என்றால்
அந்தப் பக்கம் கல்லாவது கட்டத்தான் வேண்டும்.
ஆனால் அந்தக் கல்லை எங்கிருந்து எடுத்தான்?

வடக்குச் சுவர் எங்கே இருக்கிறது என்று
எனக்குத் தெரியும்.
பிரபு ஓடிப்போன வருடம்
அப்பாவும் சித்தப்பாக்களும்
இரவோடிரவாய்க் கடப்பாரையோடு ஏறினார்கள்.
எங்கள் ரொட்டி அடுப்பின் வாய், அந்தச் சுவர்.
கஷ்கொட்டை உலர்த்தும் அறையின் மூலைக்கல்,
பன்றித் தொழுவம், கிணற்று விளிம்பு,
பிரசவ வலியில் செலெஸ்தின் எட்டி உதைத்த இடம்.
அம்பு விடும் பிளவு ஒன்று உடையாமல் வந்துவிட்டது.
அதில்தான் உப்பு வைக்கிறோம்.
பாதிரியார் வீட்டுப் படிகளும் அதேதான்,
அவர் முன்னால் சொல்லக் கூடாது.

இந்தப் பையன் கால் மணி நேரத்தில்
ஒரு கல் விடாமல்
எல்லாவற்றையும் திரும்ப மேலே ஏற்றிவிட்டான்.

அன்றிரவு வீட்டில் நுழையும்போது
வாசற்கல்லைக் காலால் தடவிப் பார்த்தேன்.
இருந்தது.
அடுப்பிலும் சூடிருந்தது.
"என்ன தேடுகிறாய்?" என்றாள் செலெஸ்தின்.
"ஒன்றுமில்லை. கோட்டை முழுசாகிவிட்டது."
"அப்படியென்றால் நம்மைப் பிடிக்க ஆள் வருமோ?"
என்று கேட்டுக்கொண்டே
உப்பெடுக்கப் பிளவுக்குள் கையை விட்டாள்.

ஐந்தாம் நாள் மழை.
பெட்டியைக் கட்டச் சொன்னான்.
படம் இன்னும் காயவில்லை.
கழுதை மேல் வைக்க மாட்டேன் என்று
குடையைப் படத்துக்குப் பிடித்து, தான் நனைந்து,
காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிப்போவதுபோல
படகுத்துறை வரை நடந்தான்.

கூலியோடு இரண்டு சூ கூடவே தந்தான்.
"உங்களையும் ஓரத்தில் போட்டிருந்தேன், கழுதையோடு.
பிறகு அழித்துவிட்டேன்.
கண் மேலே ஏறாமல் உங்களிடமே நின்றது."

அதற்கு என்ன பதில் சொல்வது?
தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

மழை விட்டிருந்தது.
பிறந்த நாளாய்ப் பார்த்த கோட்டைதான்,
அதன் வடக்கே இத்தனை வெறும் வானம் இருப்பது
அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

முதுகில் ஒன்றுமில்லாத கழுதை
வீட்டு வழியை வேகமாய்த் தின்னும்.
பார்பெத் முன்னால் போனாள்.
பின்னால் நான்,
ஒரு பக்கமாய்ச் சாய்ந்தபடி.